குலுக்கலில் விழுந்த மாமா

கங்காதர நெல்லூர் பக்கம் ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். சித்தூர் பெட்ரோல் பங்கோ, திருப்பதி ஜவுளிக்கடையோ, எங்கே கண்ணாடிப் பெட்டியும் கூப்பன் கட்டும் கண்ணில் பட்டாலும் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிவிடுவார். வயது, செல் நம்பர், மாத வருமானம், கார் உண்டா, கல்யாணம் ஆனவரா... பேங்கில் கேட்டால் முறைக்கிற கேள்விகளுக்கெல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் பதில். ஊரில் இவருக்கு லக்கி மாமா என்று பெயர்.

மாமாவுக்குப் பேராசை கிடையாது. மாங்காய் மண்டியில் கால் கிலோ கூட ஏமாற மாட்டார். ஆனால் ஆயுசில் எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் முதலில் வந்ததில்லை. ரேஷன் கடை, பட்டா பாஸ்புக், மாங்கூழ் ஆலை வாசலில் டிராக்டர் வரிசை, எங்கேயும் கடைசிக்கு முந்தின ஆள். அப்படிப்பட்டவருக்குப் போன் போட்டு, "ஆயிரக்கணக்கான கூப்பன்ல உங்களைத்தான் செலக்ட் பண்ணியிருக்கோம் சார், கோவா டூர் ஃப்ரீ" என்று ஒரு பெண் சொன்னால் என்ன ஆகும்? கோவா கிடக்கட்டும், செலக்ட் ஆனதே பரிசுதான்.

"நெல்லூர்னா கடற்கரை ஊராச்சே, பீச் உங்களுக்குப் பிடிக்குமே" என்றும் அந்தப் பெண் சொன்னாளாம். அது வேறு நெல்லூர், இங்கே நீவா ஆற்றில் தண்ணீர் வந்தாலே விசேஷம் என்று சொல்ல மாமாவுக்கு வாய் வரவில்லை. சொல்லப்போய், பரிசு அந்த நெல்லூர்க்காரனுக்குப் போய்விட்டால்?

மாமா லேசுப்பட்டவரும் அல்ல. "பரிசு விழுந்திருக்கு, வரியை மட்டும் முதல்ல அனுப்புங்க" என்று வரும் போன்களை அப்போதே வைத்துவிடுவார். பரிசுக்கு வரி உண்டுதான். 10,000 ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் பிடித்தம். ஆனால் அது பான் நம்பரோடு அரசாங்கக் கணக்குக்குப் போகிற பணம், யாரோ ஒரு தம்பியின் போன்பேக்குப் போவதல்ல. பக்கத்து வீட்டுக்காரர் அப்படி அனுப்பிவிட்டு விழித்தபோது, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்கச் சொன்னதே மாமாதான். இந்தப் பெண்ணோ ஒரு பைசா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திருப்பதி ஓட்டலுக்கு மனைவியோடு வந்து பரிசை வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்த "மனைவியோடு" என்பதில்தான் சூட்சுமம். நம்மூர் ஆம்பளையிடம் எதை விற்க வந்தாலும், "வீட்டுல கேட்டுச் சொல்றேன்" என்று நழுவிவிடுவான். வீட்டையே கையோடு கூட்டிவரச் சொல்லிவிட்டால் எங்கே நழுவுவது?

அங்கே விற்கக் காத்திருந்தது டைம்ஷேர். விடுமுறையை முன்பணம் கட்டி வாங்கும் இது நமக்குப் புதிதில்லை. ஸ்டெர்லிங் 1986-இலும் கிளப் மகேந்திரா 1996-இலும் சென்னையில் இருந்தே கிளம்பியவை. முறையாக வாங்கி முறையாகப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். பரிசு என்று கூப்பிட்டு உட்காரவைத்து விற்கிற கூட்டம்தான் வேறு ஜாதி.

ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் போனபோது ஓட்டல் ஹாலில் காது கிழியப் பாட்டு. எங்கோ ஒரு மேஜையில் யாரோ கையெழுத்துப் போட, எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். டை கட்டிய தம்பி கேட்டான்: "சார், வருஷத்துக்கு டூர் போனா ஓட்டல் செலவு எவ்வளவு ஆகும்?" எந்த ஊர் போனாலும் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுக்கிற மாமா, கௌரவத்துக்கு இருபதாயிரம் என்றார். தம்பி கால்குலேட்டரைத் தட்டினான். 25 வருஷத்துக்கு 5 லட்சம்! எங்களிடம் 1,80,000 தான். மாமா யோசித்தார். மேனேஜர் வந்தார். இன்றைக்கு மட்டும், உங்களுக்கு மட்டும், 1,20,000.

அத்தை அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பத்து டன் காய்." 2025-இல் ஆலை 8 ரூபாய், அரசாங்கம் 4 ரூபாய் என்று தோத்தாபுரி மாங்காய்க்குக் கிலோ 12 அறிவித்தார்களே, அந்தக் கணக்கு. "வருஷா வருஷம் மெயின்டெனன்ஸ் எவ்வளவு தம்பி?" தம்பி மேனேஜரைப் பார்த்தான். "நாங்க காய் இறக்குற நேரத்துல எங்கேயும் நகர முடியாது. பேப்பரைக் குடுங்க, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிச்சுட்டு வர்றோம்."

"பேப்பர் வெளியே போகாது மேடம்."

ஐரோப்பாவில் டைம்ஷேருக்குக் கையெழுத்துப் போட்ட பிறகும் 14 நாள் மனம் மாறலாம், அதற்குள் முன்பணம் வாங்கவே கூடாது. இங்கே அதற்கென்று தனிச் சட்டம் இல்லை. இலவசம் போலக் காட்டிக் காசு கறப்பதை 2019 நுகர்வோர் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது, முறையிட 1915 என்ற எண்ணும் இருக்கிறது. அத்தை அவ்வளவு தூரம் போகவில்லை.

"சரி தம்பி, எங்க ஊர்ப் பக்கம்தான் காணிப்பாக்கம். பிள்ளையார் முன்னாடி நின்னு இப்ப சொன்னதையெல்லாம் ஒரு தரம் சொல்லிடுங்க. அங்கேயே கையெழுத்துப் போடறேன்."

பொய்ச் சத்தியம் செய்தால் அந்தப் பிள்ளையார் சும்மா விடமாட்டார் என்பது சித்தூர் ஜில்லாவில் குழந்தைக்கும் தெரியும். மேனேஜர் டீ சொல்லிவிட்டு வருவதாகப் போனார். டீயும் வரவில்லை, மேனேஜரும் வரவில்லை.

வாசலில் பரிசுக் கவரை மட்டும் மறக்காமல் கொடுத்தார்கள். மூன்று பகல், இரண்டு இரவு. ரயில் செலவு தனி, சாப்பாடு தனி, பதிவுக் கட்டணம் தனி, ஏப்ரல், மே, தீபாவளி, கிறிஸ்துமஸுக்குச் செல்லாது. மாமா மறுநாளே சித்தூர் போய் அதை லேமினேஷன் செய்து, கூடத்தில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "ஆயிரக்கணக்குல நம்ம பேர்தான் விழுந்தது" என்கிறார். ஓட்டலில் கிழித்துக் கொடுக்க வேண்டிய துண்டும் அந்த பிளாஸ்டிக்குக்குள்ளேதான் இருக்கிறது.