மொட்டை மாடி விசாரணை கமிஷன்

பெரம்பலூரிலோ அரியலூரிலோ வீடு கட்டி, மாடியில் சோலார் வெந்நீர் டேங்க் ஒன்றை ஏற்றிப் பாருங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அவர் வந்துவிடுவார். முன்பின் பழக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. "தெருமுனையிலேர்ந்து பார்த்தேன், குழாய் மினுமினுன்னுது. ஒரு நிமிஷம் மேல போய்ப் பார்த்துக்கலாங்களா?" என்பார். வீட்டு அம்மாள் காபி கலந்து கொண்டுவருவதற்குள் மாடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேலையைத் தொடங்கியிருப்பார்.

ஊருக்கு ஒருவராவது இப்படி உண்டு. பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்; சிமெண்ட் ஆலையில் ஸ்டோர்ஸ் பார்த்தவர், கூட்டுறவு வங்கிக்காரர், மின்வாரியத்துக்காரர். நான் சொல்லும் மனிதர் பெரம்பலூரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். தெருவில் 'விசாரணை கமிஷன்' என்றால் குழந்தைகூட அவர் வீட்டைக் காட்டும். ஒரு சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்காக மாவட்டம் இரண்டையும் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருக்கிறார். திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குத் தவறாமல் போவார். தரிசனம் ஒரு சாக்கு. போகும் வழியில் நாலு மாடி, வரும் வழியில் நாலு மாடி.

மாடியில் அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். தோள்பையில் ரசமட்டம், திசைகாட்டி, ஒரு கைக்குட்டை. கண்ணாடிக் குழாய்களின் அடிநுனியை மூடியிருக்கும் பிளாஸ்டிக் குப்பியைக் கழற்றி, டாக்டர் கண் இமையை இழுத்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அங்கே வெள்ளிப் பூச்சு பளபளத்தால் நல்ல குழாய். இரண்டு அடுக்குக் கண்ணாடிக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்குள் காற்று புகுந்துவிட்டால் அந்தப் பூச்சு பால்போல் வெளுத்துவிடும். "அஞ்சாவது குழாய் போயிடுச்சுங்க" என்று தாழ்ந்த குரலில் சொல்வார். வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடாது.

அடுத்து கீழே இறங்கி, கேட்காமலே குளியலறைக்குள் போய்விடுவார். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு வாட்ச்சைப் பார்ப்பார். மாடியிலிருந்து சூடு வந்து சேருமுன் எத்தனை சொம்பு பச்சைத்தண்ணீர் வீணாகிறது என்பது கணக்கு. "லைன் ரொம்ப நீளம். டேங்க்கை பாத்ரூமுக்கு நேர் மேலே வெச்சிருக்கணும். பைப்பு என்ன, சாதா பி.வி.சி.யா? போச்சு. வெந்நீருக்கு சி.பி.வி.சி. போடலன்னா இளகிடும்ங்க."

அவருக்குப் பிடித்த அத்தியாயம் உப்பு. அரியலூரில் சம்பந்தி வீட்டு போர்த் தண்ணீரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கேட்பவருக்கு நா வறளும். பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல், அதை நம்பித்தான் அத்தனை சிமெண்ட் ஆலைகளும் அங்கே வந்து உட்கார்ந்தன. "ஆலைக்கு லாரியில போற சரக்கு நமக்குக் குழாயிலேயே வந்துடுது" என்பார். தண்ணீர் சூடானால் கரைந்திருந்த சுண்ணாம்பு வெள்ளைப் படிவமாக உட்காரும். சோலாரில் தகடு, கண்ணாடிக் குழாய் என்று இரண்டு மாடல். தகடு மாடலில் இருப்பவை ஒல்லியான செம்புக் குழாய்கள்; உப்புத் தண்ணீரை நேராக விட்டால் அடைத்துக்கொள்ளும். அந்த மாடல்தான் வேண்டுமென்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்தது வாங்க வேண்டும். கண்ணாடிக் குழாய் அகலமானது, விலையும் குறைவு, கழற்றிக் கழுவலாம். ஆனால் ஒன்று உடைந்தால் டேங்க் தண்ணீர் மொத்தமும் மாடியில். டேங்க் காலியாகி, வெயிலில் குழாய் காய்ந்து கிடக்கும்போது பச்சைத்தண்ணீரைத் திறந்துவிட்டால் படார். "விடியக்காலம் இல்லாட்டி பொழுது சாஞ்சப்புறம் நிரப்பணும்" என்று குரலை இறக்கிச் சொல்லித் தருவார்.

அவர் சொல்வதில் ஒன்றும் தப்பில்லை, அதுதான் வேடிக்கை. எங்கள் தெருவில் பாதி வீடுகள் அவர் சொல்படி வாங்கி, சௌகரியமாகக் குளிக்கின்றன. நாலு பேருக்கு 200 லிட்டர், குழாய் தெற்கு பார்த்து, பச்சைத்தண்ணீர் சிண்டெக்ஸின் அடிமட்டம் சோலார் டேங்க்கின் தலைக்கு மேலே, மழைக்காலத்துக்கு ஒரு கரண்ட் காயில். எல்லாம் அவர் வகுத்த சட்டம். மானியமும் அவர் வாயிலிருந்தே தெரிந்துகொண்டோம். 2024-இல் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்று கேட்டதும் எதிர்வீட்டுக்காரர் துள்ளிக் குதித்தார். "அது கரண்டு எடுக்கிற பேனலுக்குங்க. நீங்க சொல்றது குளிக்கிற சோலார். அதுக்குக் கொடுத்த மத்திய மானியத்தை 2014-லயே நிறுத்திட்டாங்க" என்று இவர் சொன்னதும் அவர் இறங்கிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே!

சொந்த வீட்டுக்கு மட்டும் இன்னும் வாங்கவில்லை. கடைக்காரப் பையன் ஒருநாள் பொறுமை இழந்து, "சார், சித்திரையில நம்ம ஊர்ல சிண்டெக்ஸ் தண்ணியே கொதிக்குது. உங்களுக்கு எதுக்கு சார் சோலார்?" என்று கேட்டுவிட்டான். வாத்தியார் கோபப்படவில்லை. மார்கழி விடியலில் அதே சிண்டெக்ஸ் எப்படி இருக்கும் என்று அவனுக்கு அரைமணி நேரம் பாடம் எடுத்தார். அவன் இரண்டு வாடிக்கையாளர்களை இழந்தான்.

வீட்டில் அம்மாள் இன்னமும் தேங்காய் மட்டை வைத்து பாய்லர்தான் பற்றவைக்கிறார். "ஏங்க, எப்பத்தான் வாங்கறதா உத்தேசம்?" என்றால் வாத்தியாரிடம் பதில் தயார். "அரியலூர் மாவட்டத்தையே 2001-ல பிரிச்சாங்க, 2002-ல சேர்த்தாங்க, 2007-ல திரும்பப் பிரிச்சாங்க. கவர்மெண்டே அத்தனை வருஷம் யோசிக்குது. நான் ரெண்டு வருஷம் யோசிக்கக் கூடாதா?" அம்மாளும் லேசுப்பட்டவர் அல்ல. "சாத்தனூர்ல மரம் கல்லாகிக் கெடக்கு, 12 கோடி வருஷம்னு போர்டு வெச்சிருக்கான். அதுவும் சோலார் விசாரிக்கத்தான் நின்னுச்சோ என்னவோ" என்று முறத்தோடு எழுந்து போய்விடுவார்.

ஆனால் வாத்தியார் சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. மேஸ்திரியைக் கூப்பிட்டு சிண்டெக்ஸை நாலடி தூக்கி வைத்தாகிவிட்டது. பக்கத்து வீட்டு வேப்பமர நிழல் எந்த மாதம் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டு, நாள் முழுக்க நிழலே படாத இடத்தைக் கண்டுபிடித்து, தெற்கு பார்த்துச் சாய்வாக ஒரு மேடையும் கட்டியாகிவிட்டது. ரசமட்டம் வைத்துக் கட்டிய மேடை.

போன கோடையில் அந்த மேடையில் அம்மாள் சின்ன வெங்காய வடகம் கிள்ளிப் போட்டிருந்தார். தெருப் பெண்கள் அவரவர் தாம்பாளத்தோடு வரிசையில் நின்றார்கள். வாத்தியார் திசைகாட்டியும் கையுமாக யார் தட்டு எந்தப் பக்கம் என்று ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். "மூணே நாள்ல சருகாட்டம் காயுதுடி" என்று அம்மாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்த டேங்க்கை மட்டும் அவர் வாங்கிடக் கூடாது."