முதலில் என்ன போடலாம்?

கேள்வி: இங்கிலாந்தில் காய்கறி போட எனக்குக் கவுன்சில் 'அலாட்மென்ட்' நிலம் ஒதுக்கியிருக்கிறது. தோட்ட வேலை புதிது. முதலில் என்ன போடலாம்?
– ஒரு வாசகர், லெஸ்டர்

பதில்: முதலில் ஒரு நாற்காலி போடுங்கள். உட்கார்ந்து நிலத்தை நன்றாகப் பாருங்கள். முழுப் பங்கு என்றால் சுமார் 250 சதுர மீட்டர். அத்தனையையும் முதல் வாரமே கொத்தினால் அமோகமாக விளைவது முதுகுவலிதான். கால்வாசியை மட்டும் திருத்துங்கள். மீதியை அட்டைப் பெட்டிகளைப் பிரித்து மூடிவிடுங்கள். வெளிச்சம் இல்லாமல் களை தானே நலியும்.

மார்ச் கடைசியில் உருளைக்கிழங்கு, வெங்காயம், ஏப்ரலில் பீட்ரூட். பீன்ஸ், பூசணி நாற்றுகளை மே கடைசியில் நடுங்கள். அதற்குமுன் நட்டால் உறைபனி அறுவடை செய்துகொள்ளும். வெண்டைக்காய் ஆசை கண்ணாடிக் குடில் உள்ளவர்களுக்கு. சீமைச் சுரைக்காய் (அங்கே கோர்ஜெட்) இரண்டு செடி போதும். மூன்றாவது வைத்தால் ஆகஸ்டில் உங்களைக் கண்டதும் அண்டை வீட்டார் கதவைச் சாத்துவார்கள்.

இரவில் டார்ச்சோடு போய் நத்தை பொறுக்குங்கள். கேட்பவர்களுக்கு நிலம் தரும் பொறுப்பைக் கவுன்சிலுக்குக் கொடுத்தது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். நத்தைகளோ அதைத் தங்களுக்கான அன்னதானத் திட்டமாகவே எடுத்துக்கொண்டிருக்கின்றன.