அடுத்தவர் வண்டி: செஞ்சி வட்டாரத்தில் கார் உடைமை குறித்த ஓர் ஆராய்ச்சி

ஆய்வுச் சுருக்கம்

செஞ்சியில் யாரும் தனக்காகக் கார் வாங்குவதில்லை. தன்னிடமிருந்து அதை வாங்கப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காகவே வாங்குகிறார். அவர் வந்து சேரும்வரை அதைக் காவல் காக்கிறார். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். நிறம், எண், நீளம், இருக்கை உறை ஆகியவை அகச்சான்றுகள். செஞ்சிக் கோட்டை கைமாறிய வரலாறு புறச்சான்று. அவசர வேலை இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆய்வேடுகளை மதிப்பிடும் பேராசிரியர்கள் நெடுங்காலமாக அப்படித்தான் செய்துவருகிறார்கள்.

1. களமும் முறையியலும்

விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளும் அவற்றை வளைத்த கோட்டை மதிலும் உள்ளன. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது செஞ்சிக் கோட்டை ஒன்றுதான். இவையெல்லாம் சுற்றுலாத் துறைக்குரிய செய்திகள். நம் துறைக்குரிய செய்தி, திண்டிவனம் - திருவண்ணாமலை சாலை இந்தக் கோட்டை மதிலை ஊடுருவிக்கொண்டு போகிறது என்பதே. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் இந்த மதிலுக்கு வெளியே வந்து நின்றார். 1698இல்தான் உள்ளே போக முடிந்தது. இன்று ஒரு டிசையர் அதே மதிலை நான்காவது கியரிலிருந்து இறங்காமல் கடக்கிறது. முகலாயப் படையின் முற்றுகையை இந்திய வரலாற்றின் மிக நீண்ட பார்க்கிங்காகக் கருத இடமிருந்தும், வரலாற்றாசிரியர்கள் ஏனோ அந்தக் கோணத்தைத் தொடவில்லை.

தரவுகள் சாலையோர டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்து திரட்டப்பட்டன. டிஎன் 16, டிஎன் 32, டிஎன் 25, பிஒய் 01 என்று திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை, புதுச்சேரி ஆகிய நான்கு திசை வண்டிகளும் அங்கே காணக் கிடைத்தன. மாதிரிக்கூற்றின் அளவை டீ ஆறும் நேரம் தீர்மானித்தது.

2. முன்னோர் கொள்கைகளும் அவற்றின் மறுப்பும்

இத்துறையில் இதுவரை இரு கொள்கைகள் கோலோச்சி வந்துள்ளன. முதலாவது மைலேஜ் கொள்கை. புதிய கார் ஒன்று தெருவில் நின்றால் எண்பது வயதுப் பெரியவர்கூட முதலில் கேட்பது, "இன்னா தருது?" என்பதுதான். "இருபத்திரண்டு தருது பெரிப்பா" என்று பதில் வரும். இது ஷோரூமில் சொன்ன கணக்கே தவிர, ஓட்டிப் பார்த்துச் சொன்னதன்று. ஓடாத வண்டியின் மைலேஜ், பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் வருவது. அதற்கு விடை சொல்லக் கணிதமே மறுக்கிறது. ஆகவே இக்கொள்கை நிற்காது.

இரண்டாவது கௌரவக் கொள்கை: ஊரார் பார்க்கவே கார் வாங்குகிறார்கள் என்பது. அற்றேல், வாங்கிய மறுநாளே அதன் மேல் உறை போட்டு மூடுவானேன்? ஊருக்குக் காட்ட வாங்கிய பொருளைக் தலை முதல் கால்வரை போர்த்தி வைப்பவர் உலகில் இல்லை. இக்கொள்கையும் விழுந்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி பிரமுகர்களின் இன்னோவாக்களும் ஸ்கார்ப்பியோக்களும் மட்டும் இதற்குப் பொருந்தும். அவற்றுக்கு உறை கிடையாது, கொடிதான் உண்டு.

3. நிறமும் எண்ணும்

கார் வெள்ளையாக இருக்கவேண்டும் என்பது இவ்வட்டாரத்தின் எழுதாச் சட்டம். கரிசலும் செம்மண்ணும் கலந்த ஊர்ச் சாலையில் வெள்ளை அழுக்காகும் என்பது வாங்குபவருக்குத் தெரியாததன்று. வீட்டம்மாவுக்குச் சிவப்புப் பிடிக்கும். கல்லூரியில் படிக்கும் மகனுக்கு நீலம் பிடிக்கும். ஆயினும் விவாதம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: "நாளிக்கி விக்கணும்னா வெள்ளைதாம்பா போவும்." காரின் சாவி இன்னும் கைக்கு வரவில்லை, விற்பனை ஆலோசனை முடிந்துவிட்டது. குடும்பத்தில் எல்லோருடைய விருப்பத்தையும் தோற்கடித்த அந்த வாக்கு, அங்கே இல்லாத ஒருவருடையது.

எண்ணும் அவ்வாறே. கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாது. "எனக்கு அதுல நம்பிக்கையில்ல சார்" என்று பகுத்தறிவாளர் ஒருவர் விளக்கினார். "வாங்குறவனுக்கு இருக்கும்ல?"

4. நீளம்

செஞ்சித் தெருக்களில் நிற்கும் கார்களில் பெரும்பகுதி நான்கு மீட்டருக்குச் சற்றே குறைவானவை. இது ரசனையால் விளைந்ததன்று. 2006 மத்திய பட்ஜெட்டால் விளைந்தது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட, சிறிய எஞ்சின் பொருத்திய கார்களுக்கு அந்த பட்ஜெட் கலால் வரியைக் குறைத்தது. 2008இல் வந்த ஸ்விஃப்ட் டிசையரின் நீளம் 4,160 மில்லிமீட்டர். 2012இல் அதன் வாலை நறுக்கி 3,995 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். மிச்சம் விட்ட 5 மில்லிமீட்டர், பின்னால் வரும் வண்டி உரசிக்கொண்டு போவதற்காக இருக்கலாம்.

இங்கே ஒரு கணக்கு. ராஜகிரி உச்சிக்கு ஏறும் வழியில் பாறைப் பிளவு ஒன்று உண்டு. இழுவைப் பாலம் போட்டு அதைக் காத்தார்கள். அகலம் சுமார் 24 அடி. அதில் ஒரு டிசையரைப் படுக்கப் போட்டால் ஏறக்குறைய 11 அடி மீதமிருக்கும். ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் தாராளமாக அடங்கும். இதனால் அறியப்படுவது யாது எனின், ஒன்றுமில்லை. ஆனால் அளவுகோல் இல்லாத ஆய்வைப் பல்கலைக்கழகம் ஏற்பதில்லை.

கொள்கைக்கு வருவோம். டிக்கி வைத்த டிசையரை நால்வர் குடும்பம் விரும்புவதேன்? அடுத்து வாங்குபவர் டாக்ஸிக்காரராகவும் இருக்கலாம். வெள்ளை போர்டை மஞ்சள் போர்டாக மாற்றிக்கொள்ளத் தோதான வண்டி அதுதான்.

5. திதியும் இயக்கமும்

செஞ்சியின் கார் சந்திரனால் இயங்குவது. அமாவாசை இரவில் அது மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போகும்; பௌர்ணமியில் திருவண்ணாமலைக் கிரிவலத்துக்குப் போகும். இடையே முகூர்த்தம் வந்தால் மண்டபம்வரை போகும். மற்ற நாட்களில் நிற்கும். நெல் வியாபாரிகளின் பொலேரோ மட்டும் நாள் கிழமை பார்ப்பதில்லை. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கும் ரைஸ் மில்லுக்கும் அலைந்துகொண்டே இருக்கிறது. அது உழைப்பாளி வகுப்பு. இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

நிற்கும் நாட்களிலும் காருக்கு நித்திய பூஜை உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலை ஆறரைக்கு வெளியே வருவார். முதலில் உறையின் மேல் கிடக்கும் வேப்பம்பூவை உதறுவார். உறையை மடிப்புக் கலையாமல் நான்காக மடித்துத் திண்ணையில் வைப்பார். கதவைத் திறந்து, செருப்பை வாசலிலேயே விட்டு உள்ளே ஏறுவார். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று எஞ்சினை உறுமவிட்டு, பத்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கதவுகளில் கம்பெனி ஒட்டி அனுப்பிய பாலித்தீன் தாள் இன்னும் இருக்கிறது. பிறகு இறங்குவார், துடைப்பார், போர்த்துவார். அதன்பின் தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்துக்கொண்டு காந்தி பஜாருக்குக் காய்கறி வாங்கப் போவார்.

6. விற்பனைச் சடங்கு

கொள்கையின் உரைகல் இதுவே. கார் கைமாறும் நாளில் வாங்குபவர் ஒரு மெக்கானிக்கோடு வருகிறார். மெக்கானிக் எதுவும் பேசமாட்டார். பானட்டைத் திறந்து ஆயில் மூடியைக் கழற்றிப் புகை வருகிறதா என்று பார்ப்பார். டிப் ஸ்டிக்கை உருவி, எண்ணெயை இரு விரலிடையே தேய்த்து முகர்வார். கதவு ரப்பரைப் பிதுக்கி வெல்டிங் கோடு கலைந்திருக்கிறதா என்று நோக்குவார். கடைசியில் விரல் முட்டியால் மட்கார்டைத் தட்டி, ஓசையில் பட்டி பார்த்த இடத்தைக் கண்டுபிடிப்பார்.

அப்போது விற்பவர் சொல்லும் புகழுரையைக் கவனிக்க வேண்டும்.

"சிங்கிள் ஓனர் தம்பி. வண்டிய எடுக்கவே இல்ல. ஷெட்டுலியே நின்னுச்சி."

"கிலோமீட்டர் கம்மியாத்தான்ணே காட்டுது."

"பின்னாடி சீட்டுல ஆளே உக்காரல. பசங்கள முறுக்குகூடத் துன்ன வுடமாட்டேன்."

உலகில் வேறெந்தப் பொருளையும், 'நான் இதைப் பயன்படுத்தவே இல்லை' என்று புகழ்ந்து விற்க முடியாது. சமைக்காத சமையல்காரரையும் உழாத மாட்டையும் யாரும் விலை பேசுவதில்லை. கார் மட்டுமே ஓடாததால் உயர்வு பெறுகிறது. மூன்று லட்ச ரூபாய் பேரத்தில், அனுபவிக்காமல் விட்டது எவ்வளவோ அவ்வளவு விலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 50ஆம் பிரிவுப்படி இருவரும் படிவம் 29, 30இல் கையெழுத்திடுகிறார்கள். கடன் பாக்கி தீர்ந்திருந்தால் படிவம் 35உம் உண்டு. வாங்கியவர் அன்று மாலையே சீட் கவருக்கு மேல் இன்னொரு சீட் கவர் போடுகிறார். காவல் கைமாறியது.

7. புறச்சான்று: கோட்டையின் ஆர்சி புக்

இப்பழக்கம் இம்மண்ணில் எங்கிருந்து வந்தது? கோட்டையிலிருந்தே வந்தது என்பது நம் துணிபு. கோன்கள் முதல் கை. செஞ்சி நாயக்கர்கள் இரண்டாம் கை; கல்யாண மகாலும் களஞ்சியமும் அவர்கள் ஏற்றிய ஃபிட்டிங்குகள். 1649இல் பிஜப்பூர் சுல்தான் மூன்றாம் கை. 1677இல் சிவாஜி நான்காம் கை. மதில்களைப் பலப்படுத்திக் கூடுதல் செலவு செய்தவர். 1698இல் முகலாயர் ஐந்தாம் கை. பிஜப்பூர்க்காரர்கள் பாதுஷாபாத் என்றும் முகலாயர்கள் நுஸ்ரத்கட் என்றும் பெயர் மாற்றியது, பின் கண்ணாடியில் பழையவரின் குலதெய்வத்தைச் சுரண்டிவிட்டுத் தன் குலதெய்வத்தை ஒட்டும் அதே வழக்கமே.

அடுத்தது சீஸிங். கப்பம் பாக்கி கேட்டு ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் 1714இல் படையோடு வந்தார். தவணை கட்ட மறுத்த, கோட்டையை ஆண்ட இளைஞர் ராஜா தேசிங்கு போரில் மாண்டார். கோட்டை ஆறாம் கைக்குப் போயிற்று. 1750இல் பிரெஞ்சுக்காரர்கள், 1761இல் ஆங்கிலேயர்கள். 1780இல் ஹைதர் அலி எடுத்த டெஸ்ட் டிரைவை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை. ஸ்பேர் பார்ட்ஸ் கழன்றதும் உண்டு: புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து போனவை. ஹைதருக்குப் பின் இந்தக் கோட்டையை விலை கேட்டு எவரும் படையெடுத்து வரவில்லை. வாங்க ஆளில்லாத அன்றே பராமரிப்பும் நின்றது. இன்று தொல்லியல் துறை ஒன்பதாம் கையாக, டிக்கெட் கொடுத்து, ஷெட்டில் நிறுத்தியிருக்கிறது.

8. எதிர்ச்சான்றுகளும் விடையும்

"விலை குறைவென்றால் வாங்கமாட்டார்களா?" எனின், மாட்டார்கள். 2009இல் ஒரு லட்ச ரூபாய்க் காராக விற்பனைக்கு வந்த நானோ, பத்தாண்டு தாங்கவில்லை. ஆக மலிந்ததை யார் இரண்டாவதாக வாங்குவார்?

"நல்ல வண்டி என்றால் போதாதா?" எனின், போதாது. மறைமலைநகரில் ஃபோர்டு கட்டிய கார்களின் கதவு சாத்தும் ஓசையை இன்றும் சிலாகிப்பவர்கள் உண்டு. 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அந்நிறுவனம் அறிவித்தது. வண்டி ஒரு திருகாணிகூட மாறவில்லை. கதவும் அதே ஓசையோடுதான் சாத்தியது. ஆனால் வைத்திருந்தவர்கள் முகம் வாடியது. மாறியது வண்டியன்று, அடுத்து வருபவரின் மனம்.

"அம்பாசடர்?" எனின், அது பழைய சமயம். 1983இல் பிறந்த மாருதி 800உம், அதற்கு மூத்த அம்பாசடரும் ஒரே ஆண்டில், 2014இல், உற்பத்தியை முடித்துக்கொண்டன. அம்பாசடரில் எட்டுப் பேர் ஏறிக் கிரிவலம் போன தலைமுறைக்கு இருக்கை உறை பற்றிய கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

9. விதிவிலக்கு

அப்படியானால் செஞ்சிக்காரர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் வண்டியே இல்லையா? உண்டு: டிவிஎஸ் எக்ஸ்எல். 1980இல் டிவிஎஸ் 50 என்ற பெயரில் தொடங்கிய அந்த வம்சத்தின் மேல் புல்லுக்கட்டு ஏறும், பால் கேன் தொங்கும், மல்லாட்டை மூட்டை உட்காரும், மூட்டைக்கு மேல் மச்சானும் உட்காருவார். சீட் கிழிந்தால் சாக்கு. மட்கார்டு போனால் போகட்டும். யாரும் அதன் கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, நிறத்தைக் கேட்பதில்லை. விற்றால் ஒன்றும் வராது என்பதால் அடுத்தவர் என்ற அச்சம் அதன் மேல் விழவில்லை. தேசிங்கின் பாராசாரிக் குதிரையும் இவ்வகையதே. டெல்லியில் யாராலும் அடக்க முடியாமல் நின்ற அதைக் கதைப்பாடல் தேசிங்கின் காலடியில் கொண்டுவந்து சேர்க்கிறது. அவர் அதை ஷெட்டில் நிறுத்தவில்லை. ஏறிப் போருக்குப் போனார். முந்நூறு ஆண்டுகளாகச் செஞ்சி பாடிக்கொண்டிருப்பது ஓட்டியவரைத்தான்.

10. முடிவும் பரிந்துரைகளும்

செஞ்சியில் வைத்திருப்பது கார், ஓட்டுவது எக்ஸ்எல். முன்னது அடுத்தவருடையது, பின்னது தன்னுடையது. இதை ஏற்கும் அரசுக்கும் சமூகத்துக்கும் சில பரிந்துரைகள்:

அ) புதிய கார் எடுக்கும் அன்றே படிவம் 29, 30ஐ நிரப்பிக் கையெழுத்திட்டுவிடலாம். பெயர் மட்டும் காலியாக இருக்கட்டும்.

ஆ) நிறம் தேர்ந்தெடுக்கும்போது வீட்டம்மாவுக்கு இரண்டு வாக்குகள் தரவேண்டும். அப்போதும் தோற்பார், ஆனால் வித்தியாசம் குறையும்.

இ) அடுத்து வாங்கப்போகிறவர் இன்னாரென்று முன்கூட்டியே தெரிந்தால், அவரையும் ஷோரூமுக்கு அழைத்து மாலை போடலாம். பூசணிக்காய், எலுமிச்சம்பழச் செலவில் பாதியை அவர் தரட்டும். மாதத் தவணையில் பாதியையும் அவர் ஏற்க வேண்டும் என்ற கருத்து விவாதத்தில் இருக்கிறது.