கிரெடிட்டும் கூட வருமா?

கேள்வி: திருவண்ணாமலை அரசு கல்லூரியில் எம்.காம். முதலாண்டு முடித்தேன். கல்யாணமாகிக் கோவை போகிறேன். வாங்கிய கிரெடிட்டும் கூட வருமா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: சீர்வரிசைப் பட்டியலில் தாராளமாகச் சேர்க்கலாம்! 2021-இல் யூஜிசி கொண்டுவந்த கிரெடிட் வங்கியில் கணக்கு இருந்தால், அதிகபட்சம் ஏழாண்டு வரை கிரெடிட் செல்லும். ஆனால் பட்டம் தரும் இடத்தில் குறைந்தது பாதியையாவது படித்தாக வேண்டும். பழைய, புதிய கல்வி நிறுவனங்கள் இரு தரப்பும் வங்கியில் சேர்ந்திருக்க வேண்டும். பாடத்திட்டமும் ஒத்துப்போக வேண்டும். இந்தப் பொருத்தத்தை ஜோசியர் பார்க்கமாட்டார்; புதுப் பல்கலைக்கழகம்தான் பார்க்கும். இடப்பெயர்வுச் சான்றிதழுக்கு, உங்கள் கல்லூரி இணைந்துள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காட்டுக்குப் போவதாக இருந்தால், பௌர்ணமியைத் தவிருங்கள். கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் இடம் பிடிப்பதற்குக் கிரெடிட் கிடையாது!