ஏறக்கட்டு இலக்கணம்

தொல்காப்பியர் எந்த நூற்றாண்டினர், வள்ளுவர் எச்சமயத்தினர் என்பன போன்ற விஷயங்களில் வண்டி வண்டியாகக் காகிதம் செலவிட்ட நம் ஆராய்ச்சியாளர்கள், ஆண்டுதோறும் கோடையின் வாசலில் தமிழ்நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும், தம் கண்ணெதிரே, பல சமயம் தம் கையாலேயே நடைபெறுகின்ற ஒரு மகத்தான காரியத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாமற் போனது எனக்கு நெடுநாள் விளங்காத புதிராக இருந்தது. அவர்களுள் பெரும்பாலோர் ஆசிரியர்கள். அக்காரியம் முடிந்தபின் எழுதுகோலைத் தொடும் சக்தி எந்த ஆசிரியருக்கும் எஞ்சுவதில்லை என்பதை, அத்தொழிலில் முப்பது ஆண்டுகளுக்குமேல் கழித்த பிறகே உணர்ந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு அத்தடை இல்லையாதலால், ஒரு கல்வியாண்டை முடிப்பது எங்ஙனம் என்னும் சாஸ்திரத்தைக் கூடியவரை பிரமாணங்களோடு ஈண்டு ஆராயத் துணிகிறேன்.

முதலில் பெயர். ‘கல்வியாண்டு நிறைவுப் பணிகள்’ என்பது சுற்றறிக்கையில் மட்டும் உயிர் வாழும் தொடர். ஆசிரியர் ஓய்வறையில் வழங்குவது ‘ஏறக்கட்டுதல்’ என்னும் சொல்லேயாகும். கடையை ஏறக்கட்டுவது போலத்தான் இதுவும் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். ஆனால் இத்தொழிலில் ‘கட்டு’ என்னும் பகுதி எத்தனை அவதாரம் எடுக்கிறது என்பதைக் கவனித்தவர் அவ்வாறு சொல்லார். மாணவன் ஆண்டின் தொடக்கத்தில் பணம் கட்டுகிறான். நடுவில் மட்டம் போட்டதற்குக் காரணம் கட்டுகிறான். இறுதியில் அவன் எழுதிய விடைத்தாளை ஆசிரியர் சணலால் கட்டுகிறார். கட்டிய கட்டைப் பீரோவின் தலைமேல் ஏற்றுகிறார். ஆண்டாய்வுக்கு வரும் அதிகாரியிடம் அதைப் பற்றித் தலைமையாசிரியர் ஒரு கதை கட்டுகிறார். ‘ஏற’ என்னும் அடை பீரோவின் தலையைக் குறித்து வந்தது என்பது என் துணிபு. மறுப்பவர்கள் எந்தப் பள்ளியின் பீரோவையும் அண்ணாந்து பார்த்துக்கொள்ளலாம். மூன்றாண்டுக்கு முந்திய அரையாண்டுத் தேர்வின் வரலாற்றுத்தாள்கள் பல்லி முட்டைகளோடு அங்கே சாட்சி சொல்லும்.

அடுத்தது காலம். ஐந்திணைகளுள் பாலைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாகவும், பிரிவை உரிப்பொருளாகவும் நம் முன்னோர் வைத்தனர். முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்தபோது அந்நிலமே பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி. தேர்வு முடிந்து பிள்ளைகள் போய்விட்ட பள்ளிக்கூடத்தை, ஏப்ரல் மாதத்து நடுப்பகலில், மணியடிக்க வேண்டிய அவசியமும் அற்றுத் தண்டவாளத் துண்டு மட்டும் வேப்பமரத்தில் தொங்குகின்ற நேரத்தில் கண்டவர் எவரும், இளங்கோவடிகள் ஏதோ ஒரு பள்ளியில் கடைசி வேலைநாள் வரை கையொப்பமிட்டிருக்க வேண்டும் என்ற அனுமானத்துக்கே வருவார்.

இனி, ஆண்டு முடியும் கணம் எது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. மாணவர் கட்சி எளியது: கடைசித் தேர்வின் கடைசி மணியோடு ஆண்டு முடிந்தது, அதற்குச் சான்று, ஒருவர்மேல் ஒருவர் பேனா மையைத் தெளித்துக்கொண்டு, வெள்ளைச் சட்டை நீலமாக வீடு திரும்புவது. தாய்மார்கள் இச்சான்றை இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை. ஆசிரியர் கட்சியோ, தேர்ச்சிப் பட்டியலில் தலைமையாசிரியரின் கையெழுத்து விழும் வரை ஆண்டு உயிரோடிருக்கிறது என்று வாதிடும். இந்தப் பட்டியல் தயாராகும் சபையை வெளியார் பார்த்ததில்லை. 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தலாகாது என்று விதித்தது. பின்னர் அதைத் தளர்த்திக்கொள்ள மாநிலங்களுக்கு இடம் கொடுக்கப்பட்டபோதும் தமிழ்நாடு தளர்த்தவில்லை. ஆதலின் சபையின் தர்க்கமெல்லாம் ஒன்பதாம் வகுப்பின்மேல் வந்து குவிகிறது. தேர்ச்சிக்கு 35 வேண்டும். ஒருவன் 31 எடுத்திருப்பான். அவன் விளையாட்டு விழாவில் பந்தல் போட உதவியவன் என்பார் உடற்கல்வி ஆசிரியர். தாத்தா இறந்த வாரத்தில் தேர்வு எழுதினான் என்பார் வகுப்பாசிரியர். அந்தத் தாத்தா காலாண்டிலேயே இறந்தவர் என்பார் கணக்காசிரியர். அதற்குள் தேநீர் வந்துவிடும். தேநீர் வந்தபின் 31 என்னும் எண் 35 ஆகாமல் இருந்ததை நான் கண்டதில்லை.

இம்முடிவு தபால் அட்டையில் சென்ற காலம் ஒன்று இருந்தது. மாணவனே கடையில் அட்டை வாங்கி, தன் கையாலேயே தன் வீட்டு முகவரியை எழுதிப் பள்ளியில் கொடுத்துவிட்டுப் போவான். மே மாதத்தில் அதே அட்டை, தேறினான் என்றோ தேறவில்லை என்றோ ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு அவனுடைய கையெழுத்திலேயே அவனைத் தேடி வரும். சிறு பிள்ளைகள் தெருமுனையில் தபால்காரரை வழிமறித்த வீரச்செயல்களெல்லாம் அதனால் விளைந்தவை. அவற்றைப் பற்றித் தனிநூல் எழுத வேண்டும்.

மூன்றாவது கட்சி அலுவலகத்தாருடையது. பதிவேடுகளில் உள்ளதும் பள்ளியில் உள்ளதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும் கணத்திலேயே ஆண்டு முடிகிறது என்பது அவர்கள் சித்தாந்தம். தத்துவரீதியில் இதுவே உயர்ந்தது. அனுபவத்தில், இக்கொள்கைப்படி எந்த ஆண்டும் முடிந்ததில்லை. இதன் காரணத்தை ஆராயப் புகுந்தபோதுதான், நல்லாசிரியர் ஆகாதாருக்கு நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் காட்டிய நான்கு உவமைகளும் உண்மையில் பள்ளி அலுவலகத்தின் இருப்புப் பட்டியலே என்பது எனக்குப் புலனாயிற்று. கழற்காயைப் பெய்த குடம், பெய்த வரிசை மாறிக் கொட்டும்; நாம் ஜனவரியில் அனுப்பிய விவரத்தை ஏப்ரலிலும், ஏப்ரலில் அனுப்பியதை மீண்டும் ஜூனிலும் கேட்கும் மேலலுவலகம் அது. பருத்தி அடைத்த குண்டிகையில் எதையும் வருந்தித் திணித்து வருந்தியே எடுக்க வேண்டும், அது பீரோ. மடல் நிறைந்த பனையில் ஏறிப் பறிக்க முடியாது, பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. ஆய்வகத்தின் சாவி அந்த ஜாதி. நாள் முழுதும் தேடினால் கிடைக்காது. புதுப்பூட்டு வாங்கிய மறுநாள், ஈராண்டுக்கு முன் மாற்றலாகிப்போன ஆசிரியரின் மேசையிலிருந்து தானே விழும். நான்காவதாகிய முடத்தெங்கு, ஒருவர் நீரூற்றி வளர்க்க வளைந்து சென்று வேறொருவர் மனையில் காய் உதிர்ப்பது. பள்ளித் தளவாடங்களின் இயல்பை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. இந்த நான்காம் உவமைக்கு உதாரணமாக, நானே சம்பந்தப்பட்ட ஒரு நாற்காலியின் சரித்திரத்தைச் சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது.

நான் பணியாற்றிய பள்ளியில் இருப்புச் சரிபார்ப்பை, பதிவேட்டை வைத்திராத ஓர் ஆசிரியரே செய்ய வேண்டும் என்பது முறை. தமிழாசிரியருக்கு எண்ணத் தெரியாது, ஆகவே கணக்கில் குழப்பம் காண மாட்டார் என்னும் நல்லெண்ணத்தால் ஆண்டுதோறும் அப்பொறுப்பு என்னிடம் வந்தது. 2019ஆம் ஆண்டில், ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த நாடாளுமன்றத் தேர்தலுக்காகப் பள்ளித் தேர்வுகளை முன்கூட்டியே முடித்துவிட்டிருந்தனர்; இருப்புச் சரிபார்ப்பு மட்டும் வாக்குப்பதிவுக்குப் பின்னதாயிற்று. சுவரில் வாக்குச்சாவடியின் எண்ணைத் தாங்கிய காகிதம் கிழியாமல் இருக்க, பெஞ்சுகள் எல்லாம் வராந்தாவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்க, நான் இரும்பு நாற்காலிகளை எண்ணினேன். பதிவேட்டில் 42. எண்ணியதில் 43. தமிழாசிரியரின் எண்ணிக்கையாயிற்றே என்று எழுத்தர் மறுபடி எண்ணினார். 43.

அவர் முகம் வெளுத்ததை நான் மறவேன். “ஒண்ணு குறைஞ்சா உடைஞ்சதுன்னு எழுதி ‘கண்டெம்’ பண்ணிடலாம், ஐயா. கூடிப்போச்சுன்னா என்ன எழுதறது?” என்றார். பயன்படாத தளவாடத்தைக் கழிப்பதற்கு அலுவலகத்தார் வழங்கும் அந்தச் சொல், ஜாதகத்தில் வரும் கண்டத்தையும் நினைவூட்டுவது; குறைந்த பொருளுக்குக் கண்டம் கழிக்க வழியுண்டு, மிகுந்த பொருளுக்கு இல்லை. அக்கேள்வியின் ஆழம் எனக்கு இரவில்தான் விளங்கிற்று. வைசேஷிகர்கள் இறுதியில் அபாவத்தையும், அதாவது இன்மையையும், ஏழாவது பதார்த்தமாக ஏற்றுக்கொண்டனர்; ஆகவே இல்லாத நாற்காலிக்குச் சாஸ்திரத்தில் இடம் உண்டு, பதிவேட்டிலும் அதற்கென்று ஒரு பத்தி உண்டு. கணக்குக்கு மேற்பட்டு உள்ள நாற்காலிக்கோ அவர்களுடைய மூலகுருவாகிய கணாதரும் வழி வைக்கவில்லை, கருவூலமும் வைக்கவில்லை. அது எப்போது வாங்கப்பட்டது, எந்த நிதியில், எந்த ரசீதின்மேல், மூன்று விலைப்புள்ளிகள் எங்கே என்று தணிக்கையாளர் கேட்டால், பள்ளி ஒரு நாற்காலியைத் திருடிற்று என்பதைத் தவிர வேறு விடை அனுமானிக்க இயலாது.

அந்நிய நாற்காலியை அடையாளம் காண்பது கடினமாயில்லை. மற்றவற்றின் முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் பள்ளியின் பெயரும் வரிசை எண்ணும் இருந்தன; அதன் முதுகு வெறுமையாக இருந்தது. தேர்தலுக்கு நாற்காலி வாடகைக்கு விட்ட பந்தல்காரரை வரவழைத்துக் காட்டினோம். அவர் தம் நோட்டுப்புத்தகத்தைப் புரட்டி, தம்முடையவை யாவும் பிளாஸ்டிக் என்றும், அவையும் எண்ணிக்கை குறையாமல் வந்துசேர்ந்தன என்றும் சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்துச் சாவடிகளாக இருந்த பள்ளிகளில் கேட்டோம். எல்லாப் பள்ளியிலும் கணக்கு ஒத்துப்போயிருந்தது. ஒத்துப்போகாதிருந்தாலும் ஏப்ரல் மாதத்தில் எந்தத் தலைமையாசிரியரும் அதை வாய்விட்டுச் சொல்லார் என்பதையும் இங்கே குறிப்பிடுதல் முறை. ஆக, உலகில் யாருக்கும் உரிமையில்லாத, பிரத்தியட்சமாக நான்கு காலில் நிற்கின்ற ஒரு வஸ்து எங்கள் கையில் தங்கிற்று.

அதை வெளியே போட்டுவிடலாமே என்பார் உளர். பள்ளியிலிருந்து ஒரு நாற்காலி வெளியே போவதை ஊர் பார்த்தால் என்ன சொல்லும் என்பதை அவர்கள் சிந்திக்கவில்லை. எனவே சரிபார்ப்பு நாளில், நான் ஆறாம் வகுப்பில் எண்ணும்போது அது நூலகத்திலும், நான் நூலகத்துக்கு வரும்போது சத்துணவுக் கூடத்திலும் இருக்குமாறு எழுத்தர் ஏற்பாடு செய்தார். எண்ணுபவனுக்கும் இது தெரியும் என்பதால் இதை வஞ்சனை என்று சொல்லலாகாது. சம்பிரதாயம் என்றே சொல்ல வேண்டும். 2020இல் அதற்கும் தேவையில்லாது போயிற்று. மார்ச் மாதத்தோடு பள்ளி பூட்டப்பட்டு, ஒன்பதாம் வகுப்பு வரையிலும், பிறகு ஜூன் மாதத்தில் பத்தாம் வகுப்பிலும், எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்தபோது, தேநீரும் இல்லாமல் ஓர் ஆண்டு முடிந்ததை முதல்முறையாகக் கண்டேன். யாரும் எண்ணாததால் 43ஆவது நாற்காலியும் அவ்வாண்டு தேர்ச்சி பெற்றது.

2021 ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல் வந்தது. நோய்த்தொற்றை முன்னிட்டுச் சாவடிகளை அதிகமாக்கியிருந்தனர். மூன்று வகுப்பறைகளில் வாக்குப்பதிவு. தேர்தலோடு வந்தது தேர்தலோடு போகும் என்று எழுத்தர் மிகவும் நம்பியிருந்தார். முதல்நாள் மாலை அந்நாற்காலியைத் தாமே துடைத்து, சாவடி அலுவலரின் கண்ணில் படும்படி வாசலண்டை வைத்துவிட்டு வந்தார். வாக்குப்பதிவு முடிந்த மறுநாள் எண்ணினோம். 43. நேர்மையான ஊழியர்களால் அரசாங்கத்துக்கு உண்டாகும் தொல்லைகளைப் பற்றி அன்று அவர் கூறிய கருத்துகளை நான் எழுதுவதற்கில்லை.

2024இல், ஏப்ரல் 19ஆம் தேதி மீண்டும் நாடாளுமன்றத் தேர்தல். அந்த மாதக் கடைசியோடு எனக்கும் அறுபது வயது நிறைந்து பணி ஓய்வு. கடைசி முறையாக எண்ணினேன். 41. ஐந்தாண்டுக் காலம் காணாத ஒளியை எழுத்தரின் முகத்தில் கண்டேன். நான் எண்ணியதை அவர் சரிபார்க்கவுமில்லை. உண்மையில் போனவை பள்ளிக்கு உரியவை இரண்டு. அந்நிய நாற்காலியை யாரும் தொடவில்லை, அது நூலக வாசலில் பழையபடியே நின்றது. ஆயினும் பதிவேட்டைப் பொறுத்தவரை குறைவு ஒன்றே. ‘உடைந்தது 1’ என்று எழுதப்பட்டது, தலைமையாசிரியர் கையொப்பமிட்டார், அலுவலகத்தார் சித்தாந்தப்படியும் அன்று பிற்பகல் ஓர் ஆண்டு முடிந்தது. காணாமற்போன இரண்டில் ஒன்றின் எண் 17. எழுத்தர் சிறிய தூரிகையும் வெள்ளைப் பெயின்ட்டுமாக நூலகப் பக்கம் போனதைப் பார்த்தேன், எதற்கென்று கேட்கவில்லை.

மறுநாள் காலை எனக்குப் பிரிவுபசாரம். மாலை, பொன்னாடை, வாழ்த்து மடல், உடற்கல்வி ஆசிரியரின் நீண்ட உரை யாவும் முறைப்படி நடந்தன. மேடையில் எனக்கென்று போட்டிருந்த நாற்காலியில் சாய்ந்தபடியே அவ்வளவையும் கேட்டேன். வீட்டுக்குள் நுழைந்து வாசற்பக்கம் முதுகைத் திருப்பியபோது என் மனைவி சொன்னாள்: “இந்த வயசுல உங்க மேலயும் மை தெளிச்சாங்களா? அதுவும் வெள்ளை மையா?” கழற்றிப் பார்த்தேன். சந்தன நிறச் சட்டையின் முதுகில், பள்ளியின் பெயர் வலமிடமாகப் புரண்டும், அதன் கீழே 17 என்னும் எண் ஏறக்குறைய 71 போலவும், நன்றாகப் பதிந்திருந்தன.