நிதானலிங்கம் மலையேறுகிறார்

நிதானலிங்கம் என்பது தனி ஆளின் பெயரல்ல. சனிக்கிழமை விடிந்ததும் கண்டிக்குப் பக்கத்து ஹந்தானை மலைக்கு வேன் பிடித்து வந்து இறங்குகிற ஓர் இனத்துக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர். இருப்பிடம் கொழும்பு வெள்ளவத்தை, வங்கியிலோ மென்பொருள் கம்பனியிலோ பெரிய பதவி, வயது நாற்பதுக்கு அங்கும் இங்கும். 'கொஞ்சம் ஆறுதலாக இருந்து, எதற்காக ஓடுகிறோம் என்று யோசிக்க வேண்டும்' என்று தீர்மானித்த அன்றிரவே அதற்கு ஓர் அட்டவணை போட்டுவிடுவார். நாலு மணிக்குப் புறப்பாடு. கடுகண்ணாவை ஏற்றத்தில் ஊர்கிற லொறிக்குப் பின்னால் இடைவிடாத ஹோர்ன். ஒன்பதரைக்கு உச்சி. ஒன்பதரையிலிருந்து பத்து வரை மனதைக் காலியாக்குதல். பன்னிரண்டரைக்குக் கண்டி டவுனில் புரியாணி. மணிக்கட்டில் இருக்கிற கடிகாரம் இதயத் துடிப்பை எண்ணிக்கொண்டே வரும். எண்ணிக்கை இறங்க இறங்க ஞானம் ஏறுகிறது என்பது அவர் கணக்கு. மலையில் அவரோடு முதலில் ஒட்டி உறவாடுவது அட்டைதான். அதையும் உப்பைப் போட்டு உதறிவிடுவார்.

அவரைக் குறை சொல்ல வேண்டுமானால், மெதுவாகப் போகத் தெரியாதவர் என்று சொல்லக் கூடாது. பிழை வேறு இடத்தில் இருக்கிறது: வழியில் இருக்கிற மனிதர்களைத் தன் நிதானத்துக்கு இடைஞ்சல் என்று நினைக்கிறார். கொழுந்துக் கூடையோடு எதிரே வருகிற பெண்கள் அவருக்குப் படத்தில் விழுந்தால் அழகு, பேச வந்தால் தொந்தரவு. டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பாதிரிப் படிப்பு மாணவர்களை வைத்து நடத்தி 1973-இல் வெளியிட்ட ஆய்வு இவருக்காகவே நடந்ததுபோல இருக்கும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள்; வழியில் ஒருவர் முனகிக்கொண்டு சுருண்டு கிடக்க ஏற்பாடு. நேரம் நிறைய உண்டு என்று சொல்லப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் உதவ நின்றார்கள். பிந்திவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 பேர்தான். பேசப் போன தலைப்பு சிலருக்கு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை என்பதுதான் வேடிக்கை. அது அவர்கள் காலைக் கட்டவில்லை. அவசரக்காரனின் மனம் கல் என்று இதற்கு அர்த்தமில்லை. அது நின்று உதவ வேண்டிய இடம் என்பதே அவன் கண்ணில் படாமல் போகலாம். நிதானலிங்கமோ பத்து மணிக்குள் தெளிவு பெற்றாக வேண்டிய அவசரத்தில் இருப்பவர்.

'தனிமையில்தானே தெளிவு வரும்? துறவிகள் காட்டுக்குப் போனது எதற்கு?' என்று அவர் கேட்பார். நியாயமான கேள்வி, பதிலும் தூரத்தில் இல்லை. கண்டி நகரத்துக்கு மேலேயே உடவத்தைக்கலைக் காடு. அங்கே ஓர் ஆசிரமத்தில், ஜெர்மனியில் பிறந்த ஞானபோனிக தேரர் 1994-இல் இறக்கும்வரை பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். காட்டுக்குள் இருந்த அந்த மனிதர் 1958-இல் நண்பர்களோடு சேர்ந்து கண்டியில் பௌத்த வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கி, சிறு நூல்களைப் பதிப்பித்து உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். காட்டுக்குள் போனவரே தபாற்காரரைக் கைவிடவில்லை. தனியாக உட்கார்ந்தால் மனம் அடங்கலாம். ஆனால் தன்னைத் தானே கேட்டுக்கொள்கிற கேள்விகளில் பெரும்பாலானவை பதில் ஏற்கெனவே கையில் இருக்கிற கேள்விகள்தான். இடறுகிற கேள்வியை இன்னொருவர்தான் கேட்க வேண்டும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: நிதானம் காசுள்ளவர் சங்கதி. உண்மைதான். ஹந்தானையில் 1925-இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. தேயிலை எப்படி உருவாகிறது என்று அங்கே அறியலாம்: பறித்த கொழுந்தைப் பரப்பி வாட விடுவதற்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இலைக்குக் கிடைக்கிற அந்த ஓய்வு அதைப் பறித்தவளுக்குக் கிடையாது. குறித்த கிலோ சேராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். அவளிடம் போய் 'வேகத்தைக் குறையுங்கள்' என்று உபதேசிக்கிறவரை அட்டை கடித்தால் அட்டையின் பக்கம்தான் நியாயம். ஆனால் அந்த அவசரத்துக்கு நடுவிலும் நிரைக்கு நிரை குரல் கொடுத்து, யார் வீட்டில் காய்ச்சல், யார் பிள்ளைக்குச் சோதனை என்று விசாரித்துக்கொண்டுதான் கை ஓடுகிறது. ஓய்வு இல்லாததை இந்தப் பேச்சு ஈடு செய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை; ஓய்வு தனியாகவும் உறவு தனியாகவும் கிடைக்கக் கூடியவை, முதலாவதை வாங்கியவருக்கு இரண்டாவது இலவசமாக வராது என்றுதான் சொல்கிறேன்.

ஹந்தானை மூடுபனி பொல்லாதது. பல்கலைக்கழக மாணவர்களே திசை தெரியாமல் சிக்கி, பொலிசும் இராணுவமும் போய் இறக்கி வந்ததுண்டு. நிதானலிங்கத்தின் அட்டவணை கலைவதும் அதில்தான். பனி இறங்கும், ஃபோனில் சிக்னல் போகும், எதிரே ஒரு டோர்ச் வெளிச்சம் வரும். "அண்ணை, பேராதனைக்கு எந்தப் பக்கம்?" "அங்கிட்டுப் போகாதீங்க சார், பள்ளம். பனி கலையட்டும், லயத்துல வந்து குந்துங்க." பிறகு பிளேன்டீ, கையில் கொஞ்சம் சீனி, கூடவே வீட்டுக்கார அம்மாவின் விசாரணை. எந்த ஊரு? எத்தனை பிள்ளைங்க? அம்மா இருக்காங்களா? கடைசியா எப்பப் போய்ப் பார்த்தீங்க? நாகரிகமானவர்கள் கேட்கக் கூடாத கேள்விகள். ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிற ஆலோசகரும் மூன்றாவது அமர்வில்தான் தொடுகிற கேள்விகள். நிதானலிங்கம் "சித்திரைக்கு" என்பார். "எந்தச் சித்திரைக்கு?" என்று அந்த அம்மா விடமாட்டார். புரியாணி நேரம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்; கடிகாரத்தில் இதயத் துடிப்பு, கணக்குக்கு நேர்மாறாக, ஏறிக்கொண்டிருக்கும்.