புள்ளலூர் டீம் டிஸ்குவாலிஃபைட்!

மெட்ராஸ் ராக்கெட் விடக் கற்றுக்கொண்டதற்கு ரொம்ப முன்பே ராக்கெட்டால் அடி வாங்கக் கற்றுக்கொண்டது. 1780-இல் மைசூரின் ஹைதர் அலி மலை இறங்கி வந்தார். அவருடைய குதிரைப்படை பரங்கிமலை, சாந்தோம் பக்கமெல்லாம் புகுந்து சூறையாட, கோட்டைக்குள்ளே கும்பெனித் துரைமார் கூட்டம் போட்டு விவாதித்தார்கள். கூட்டம் போடுவதில் அன்றும் இந்த ஊர் சளைத்ததில்லை.

செப்டம்பர் 10. காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூர். இந்தப் பக்கம் கும்பெனியின் கர்னல் பெய்லி; அந்தப் பக்கம் ஹைதரும் மகன் திப்புவும். மைசூர்க்காரர்களின் சரக்கு என்ன? இரும்புக் குழாய், உள்ளே கெட்டித்த மருந்து, பக்கவாட்டில் நீளமாக ஒரு மூங்கில். காகிதக் குழாய் அழுத்தம் ஏறியதும் பிளந்துவிடும், இரும்பு தாங்கும். அதனால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் சீறிப் போகும். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பற்றவைத்தது ராக்கெட்தான் என்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் இந்த மேட்சின் ஹைலைட்ஸைத் திப்பு வரையவைத்தார். அதில் பல்லக்குக்குள் பெய்லி விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உதவிக்கு வரவேண்டிய ஹெக்டர் மன்றோ, பக்ஸாரில் ஜெயித்த சூரர், பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டு மெட்ராஸைப் பார்க்க நடையைக் கட்டினார்.

ஜெயித்தது இருக்கட்டும். இன்றைய மாணவர் மாடல் ராக்கெட் போட்டிக்குத் திப்பு டீம் வந்தால் முதல் ரவுண்டிலேயே அவுட். உடம்பில் உலோகம் கூடாது என்பது விதி. இவர்கள் ராக்கெட்டின் உடம்பே இரும்பு. குறைந்தது 15 அடி தள்ளி நின்று மின்சாரத்தால் பற்றவைக்க வேண்டும். இவர்கள் கையாலேயே திரி கொளுத்தினார்கள். எதையும் குறிவைக்கக் கூடாது; இவர்கள் பெய்லியைக் குறிவைத்தார்கள். பாராசூட்டில் பூப்போல இறங்க வேண்டும். இவர்கள் சில ராக்கெட்டுகளோடு வாளையே கட்டி அனுப்பினார்கள். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2003-இலிருந்து நடக்கும் போட்டியில் பச்சை முட்டையை ஏற்றி, உடையாமல் இறக்கினால்தான் மார்க். (மயிலாப்பூரில் நடத்தினால், எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.)

அப்புறம் நடந்தது சுத்தமான காப்பி. 1799-இல் திப்பு விழுந்ததும் கைப்பற்றிய ராக்கெட்டுகள் இங்கிலாந்துக்கு, வுல்விச் ஆயுதசாலைக்குக் கப்பலேறின. வில்லியம் காங்கிரீவ் என்பவர் நோண்டிப் பார்த்தார், மாற்றினார், மெருகேற்றினார். சில வருஷத்தில் 'காங்கிரீவ் ராக்கெட்' தயார். 1807-இல் கோபன்ஹேகன் எரிந்ததில் அதற்கும் பங்கு உண்டு. முன் பெஞ்சுப் பையனின் பேப்பரைப் பார்த்து எழுதியவன் ஸ்டேட் ஃபர்ஸ்ட்.

நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாம், பயிற்சிக்காக நாசாவின் வாலப்ஸ் தீவுக்குப் போனார். வரவேற்புக் கூடத்தில் ஒரு ஓவியம்: ராக்கெட் பறக்கும் போர்க்களம், விடுகிறவர்கள் கருத்த சிப்பாய்கள். கிட்டே போய்ப் பார்த்தால் திப்புவின் ஆட்கள்! ஊரில் நாம் மறந்துபோன சங்கதியை அமெரிக்காக்காரன் மாட்டி வைத்திருந்தான்.

அவர் ஊர் திரும்பிய பிறகு, 1963 நவம்பர் 21, கேரளத்துத் தும்பா. அமெரிக்கா கொடுத்த நைக்-அப்பாச்சி ராக்கெட்டை ஏவுதளத்தில் ஏற்றும் நேரம் பார்த்து, கிரேனின் ஹைட்ராலிக் கசிந்து கைவிரித்துவிட்டது. 'ஐலேசா' போடாத குறையாக எல்லோருமாகச் சேர்ந்து கையாலேயே தூக்கி நிறுத்தினார்கள். சாயங்காலம் ஜம்மென்று பறந்தது. அன்றைக்கு ராக்கெட் பாதுகாப்புக்குப் பொறுப்பாளர் யார் என்றால், சாட்சாத் கலாமேதான்.